பின்வரிசையில் நின்ற துராம்

1998 ஜூலை 8. பாரிஸ் நகரை ஒட்டிய ஸ்டாட் டி பிரான்ஸ் அரங்கில் உலகக் கோப்பை அரையிறுதி. இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்கிய சூட்டோடு குரோஷியாவின் டாவோர் சூகர் கோல் போட்டுவிட்டார். பிரான்ஸின் மற்ற தடுப்பாட்டக்காரர்கள் சூகரை ஆஃப்சைடில் சிக்கவைக்க முன்னேறி நின்றிருந்தார்கள். வலது ஓரத்தில் இருந்த லிலியன் துராம் மட்டும் ஓரிரு அடி பின்தங்கிவிட்டார். அந்த இடைவெளி போதுமானதாக இருந்தது. அந்தத் தொடரில் பிரான்ஸ் அதற்கு முன் வாங்கியிருந்தது ஒரே ஒரு கோல், அதுவும் டென்மார்க்கிடம் பெனால்டியில்.

அடுத்த நிமிடம் நடந்ததை இன்றைக்குப் பார்த்தாலும் வியப்பு அடங்குவதில்லை. குரோஷியக் கேப்டன் போபன் தன் கோல் பகுதிக்கு அருகே பந்தை வைத்துக்கொண்டு சற்றுத் தாமதித்தார். எங்கிருந்தோ ஓடிவந்த துராம் பந்தைப் பறித்தார், சக ஆட்டக்காரர் ஜோர்காயெஃபிடம் கொடுத்துத் திரும்ப வாங்கினார், வலைக்குள் அடித்தார். 70-வது நிமிடத்தில் இன்னொன்று. இம்முறை இடது காலால், பெனால்டி கட்டத்தின் விளிம்பிலிருந்து, கோல்கீப்பர் எட்டமுடியாத மூலைக்கு. வலதுகால் ஆட்டக்காரரான துராம் அடித்த பந்து அது! முழங்காலிட்டு உட்கார்ந்து, உதட்டில் விரலை வைத்து, ஏதோ கணக்குப் போடுபவரைப் போல யோசித்தார். அந்தப் படம் உலகமெங்கும் போனது.

பிரான்ஸ் தேசிய அணிக்காக 142 ஆட்டங்கள் ஆடியவர் துராம். அத்தனை ஆட்டங்களிலும் அவர் போட்ட கோல்கள் அந்த இரண்டுதான். ஆனாலும் அந்த இரண்டைப் பற்றி மட்டுமே பேசுவது அவருக்குச் செய்யும் நியாயமல்ல என்பது என் எண்ணம். அவருடைய உண்மையான உழைப்பு மற்ற 141 ஆட்டங்களிலும் இருக்கிறது.

அவருக்குப் பிடித்த இடம் சென்டர் பேக். இத்தாலியின் பார்மா அணியில் ஃபாபியோ கன்னவாரோவுக்குப் பக்கத்தில், பின்னால் இளம் புஃபோன் கோல்கீப்பராக நிற்க, அவர் ஆடியது அங்கேதான். 1999-இல் அந்த அணி யூஇஎஃப்ஏ கோப்பையையும் இத்தாலியக் கோப்பையையும் சேர்த்து வென்றது. தேசிய அணியிலோ நடுவில் லோரான் பிளாங்கும் மார்செல் டெசாயும் இருந்தார்கள். துராமுக்குக் கிடைத்தது ரைட் பேக். பயிற்சியாளர் ஐமே ஜாக்கே நடுக்களத்தை நெருக்கமாக அமைத்ததால், ஓரங்களில் ஓடுவதற்கென்று தனி ஆட்கள் பெரும்பாலும் இல்லை. வலது ஓரத்தில் ஏறித் தாக்குவதும், பந்து பறிபோனால் அதே வேகத்தில் திரும்பி வந்து அடைப்பதும் துராமின் தலையில் விழுந்தது. விருப்பமில்லாத இடம் என்பதற்காக அவர் அந்த வேலையை ஒருநாளும் குறைத்துச் செய்யவில்லை. இடது ஓரத்தில் லிசராசு. இந்த நால்வரும் சேர்ந்து களமிறங்கிய எந்த ஆட்டத்திலும் பிரான்ஸ் தோற்றதில்லை. 98-இல் உலகக் கோப்பை, 2000-இல் ஐரோப்பியக் கோப்பை. உலகக் கோப்பையின் சிறந்த ஆட்டக்காரர் பட்டியலில் ரொனால்டோவுக்கும் சூகருக்கும் அடுத்து மூன்றாம் இடத்தில் வந்தது ஒரு ரைட் பேக்.

துராம் பிறந்தது 1972 புத்தாண்டு நாளில், கரீபியக் கடலில் பிரான்ஸின் ஆளுகையில் உள்ள குவாதலூப் தீவில். ஐந்து பிள்ளைகளைத் தனியாக வளர்த்த தாய் மரியானா, வீட்டு வேலை செய்து பிழைக்க முதலில் தான் மட்டும் பிரான்ஸுக்குப் போனார். பின்னர் பிள்ளைகளை வரவழைத்தபோது லிலியனுக்கு ஒன்பது வயது. பாரிஸுக்கு அருகே உள்ள பள்ளியில் உடன் படித்தவர்கள் அவரை ஒரு கார்ட்டூன் தொடரில் வரும் கருப்புப் பசுவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஏன் என்று அம்மாவிடம் கேட்டார் சிறுவன். உலகம் அப்படித்தான், மாறாது என்றார் அம்மா. அந்தப் பதில் தனக்குப் போதவில்லை என்பதைத் துராம் பின்னாளில் பல முறை சொல்லியிருக்கிறார். ஒன்பது வயதில் விழுந்த கேள்விக்கு வாழ்நாள் முழுக்க விடை தேடிய மனிதர் இவர்.

மொனாக்கோ அணியில் பயிற்சியாளர் ஆர்சென் வெங்கர் கையில் வளர்ந்து, 1994 ஆகஸ்டில் செக் அணிக்கு எதிராகத் தேசிய அணியில் அறிமுகமானார். ஜிடானுக்கும் அதுதான் முதல் ஆட்டம். பார்மாவுக்குப் பிறகு யுவென்டஸ், கடைசியாக பார்சிலோனா. 2004-இல் தேசிய அணியிலிருந்து விலகியவர், அடுத்த ஆண்டே ஜிடானோடும் மக்கெலெலேயோடும் திரும்பி வந்தார். 2006 உலகக் கோப்பையில் தனக்குப் பிடித்த சென்டர் பேக் இடத்தில், 34 வயதில், போர்ச்சுகலுக்கு எதிரான அரையிறுதியில் ஆட்ட நாயகன் ஆனார். இறுதியில் பெனால்டியில் இத்தாலியிடம் தோல்வி.

அவருடைய குரலும் அந்த ஆண்டுகளில்தான் ஓங்கி ஒலித்தது. அணியில் கருப்பர்கள் அதிகம் என்று தீவிர வலதுசாரித் தலைவர் லெ பென் குறைப்பட்டபோது, பிரெஞ்சுக்காரர்களில் கருப்பரும் உண்டு என்பதே அவருக்குத் தெரியவில்லை என்று பதிலடி கொடுத்தார். 2005-இல் பிரான்ஸின் புறநகர்ப் பகுதிகள் கலவரத்தில் பற்றியெரிவதற்குச் சற்று முன்பு, அங்கிருந்த இளைஞர்களை உள்துறை அமைச்சர் சர்கோசி கழிசடைகள் என்ற பொருளில் ஏசினார். நானும் அங்கே வளர்ந்தவன்தான் என்று எழுந்து நின்றார் துராம். 2006 செப்டம்பரில், கஷான் நகரக் கட்டடத்திலிருந்து வெளியேற்றப்பட்ட குடியேறிகளை இத்தாலிக்கு எதிரான ஆட்டத்துக்கு அழைத்து வந்தார். சக ஆட்டக்காரர் பாட்ரிக் வியேராவும் துணை நின்றார். தேர்தல் நெருங்கும் காலத்தில், தேசிய அணிச் சட்டையைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்வதற்குத் துணிச்சல் வேண்டும். ஓய்வுபெற்ற பிறகு வாய் திறக்கும் நட்சத்திரங்களே அதிகம்.

2008 ஐரோப்பியக் கோப்பையோடு தேசிய அணி வாழ்க்கை முடிந்தது. பாரிஸ் சென்-ஜெர்மன் அணியில் சேர இருந்த நேரத்தில் மருத்துவப் பரிசோதனையில் இதயக் கோளாறு தெரிந்தது. அவருடைய சகோதரர் ஒருவர் ஏற்கெனவே விளையாடும்போது இதயம் நின்று இறந்திருந்தார். துராம் அதோடு காலணியைக் கழற்றினார். அதே ஆண்டு இனவெறிக்கு எதிரான கல்விக்கென்று தன் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். யாரும் இனவெறியராகப் பிறப்பதில்லை, கற்றுக்கொடுக்கப்பட்டே ஆகிறார்கள் என்பது அவர் பள்ளி பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளிடம் சொல்லும் செய்தி. வரலாறு மறந்த கருப்பின ஆளுமைகளைப் பற்றி 2010-இல் ஒரு நூலும், வெள்ளையர் என்ற எண்ணம் எப்படி உருவானது என்பதைப் பற்றி 2020-இல் இன்னொரு நூலும் எழுதினார்.

இத்தாலியில் பிறந்த பிள்ளைகளுக்கும் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார். மூத்தவர் மார்கஸ், கருப்பின மக்களின் தலைவர் மார்கஸ் கார்வியின் நினைவாக. இளையவர் கெஃப்ரென், எகிப்திய மன்னர் ஒருவரின் பெயர். இருவருமே தொழில்முறை ஆட்டக்காரர்கள். 2022 கத்தார் உலகக் கோப்பையில் 142 ஆட்டங்கள் என்ற துராமின் சாதனையை கோல்கீப்பர் ஹ்யூகோ லோரிஸ் தாண்டியபோது, மார்கஸும் அதே அணியில் இருந்தார். அர்ஜென்டினாவுக்கு எதிரான இறுதியாட்டத்தில் முதல் பாதி முடியும் முன்பே மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். எம்பாப்பேயின் இரண்டாவது கோலுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுத்தவர் அவர்தான்.