பக்கத்து அறைக்குப் போகாத மெயில்

"தம்பி, துபாய்க்காரருக்கு அனுப்புற பில்லு உடனே போயிருதுங்க. அதோட காப்பி நம்ம அக்கவுண்ட்ஸ் புள்ளைக்குத்தான் வர மாட்டேங்குது. சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் உக்காந்திருக்குது."

கோவையில் சின்னக் கம்பெனிகளுக்கு சர்வர் பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. இது ஒரு பம்புசெட் கம்பெனி. மாடிப்படிக்குக் கீழே பழைய கம்ப்யூட்டர் ஒன்று, அதில் உபுண்டு லினக்ஸ், அதற்குள் போஸ்ட்ஃபிக்ஸ். வீட்சே வெனமா ஐபிஎம் ஆய்வகத்தில் இருந்தபோது எழுதி, 1998-இல் வெளிவந்த மெயில் மென்பொருள் இது. வேலையைச் சத்தமில்லாமல் செய்யும். சில சமயம் அந்தச் சத்தமின்மைதான் வினை.

ஊர்த் தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர் முகவரி என்றால் நேராகத் தபால்காரர் கைக்குப் போகும். வெளியூர் என்றால்தான் பையில் கட்டுவார்கள். போஸ்ட்ஃபிக்ஸும் மெயில் முகவரியின் பின்பாதியைப் பார்த்து, 'இது என் ஊரா?' என்று முதலில் கேட்கிறது. இல்லையென்றால் மட்டுமே, அந்த ஊர்த் தபாலை வாங்கும் இயந்திரம் எது என்று இணையத்தின் முகவரிப் புத்தகமான டிஎன்எஸ்ஸில் எம்எக்ஸ் பதிவைத் தேடும்.

நான் போனதும் திறந்தது லாக் ஃபைலைத்தான். அமைப்பில் கை வைப்பதற்கு முன் லாக்கைப் படிக்காதவர்களை என்ன சொல்ல. நாடி பார்க்காமல் ஊசி போடுகிறவர்கள். அக்கவுண்ட்ஸ் பெண்ணின் முகவரிக்கு எதிரே, ரிலே என்ற இடத்தில் 'லோக்கல்' என்றிருந்தது. பக்கத்தில் 5.1.1, அப்படி ஓர் ஆளே இல்லை. இந்த எண் 4-இல் தொடங்கினால் தற்காலிகக் கோளாறு: டிஸ்க் நிறைந்திருக்கலாம், எதிர்முனை தூங்கியிருக்கலாம். மெயில் வரிசையில் நின்று, வழக்கமான அமைப்பில் 5 நாள் வரை முயன்று பார்க்கும். 5 என்றால் அப்போதே திருப்பியடித்துவிடும்.

விஷயம் இதுதான். போன வருஷம் கம்பெனி மெயில் பெட்டிகளையெல்லாம் வெளியே ஒரு கிளவுட் சேவைக்கு மாற்றினோம். பில் போடும் மென்பொருள் மட்டும் பழைய சர்வர் வழியாகவே அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த சர்வரோ கம்பெனியின் டொமைனை, அதாவது முகவரியின் பின்பாதியை, இன்னும் தன் ஊர் என்றே நம்பியிருந்தது. 'மைடெஸ்டினேஷன்' என்ற வரியில் அந்தப் பெயர் அப்படியே கிடந்தது. மாற்றிக் கொடுத்தவன் நான்தான். எடுக்க மறந்தவனும் நான்தான். முதலாளியிடம் சொன்னேன். சிரித்துவிட்டு டீ சொன்னார்.

புதிதாகச் சேர்ந்த அந்தப் பெண்ணுக்கு லினக்ஸில் கணக்கு இல்லை. அதனால் 'ஆளில்லை' என்றாவது லாக்கில் விழுந்தது. பழைய மேனேஜர் கதை இன்னும் மோசம். அவர் பெயரில் கணக்கு இருந்ததால், 'பெட்டியில் சேர்த்தாயிற்று' என்று லாக் சாதித்தது. சேர்த்தது பொய்யில்லை, யாரும் திறக்காத பழைய பெட்டியில்! திரும்பி வந்த மெயில்களும் அனுப்புநரான 'பில்லிங்' பெயரில் அதே இருட்டுக்குள் போய் விழுந்திருக்கின்றன. வரம்பை மாற்றாமல் விட்டிருந்தால், ஒரு பெட்டி 5,12,00,000 பைட்டைத் தொட்டதும் போஸ்ட்ஃபிக்ஸ் அதிலும் போட மறுத்துவிடும். மேனேஜர் பெட்டி அதை நெருங்கிக்கொண்டிருந்தது.

சரிசெய்தது இரண்டு நிமிஷ வேலை. அந்த வரியிலிருந்து டொமைனை நீக்கி, போஸ்ட்ஃபிக்ஸை ரீலோட் செய்தேன். இந்த சர்வரும் எங்கள் பெயரில் மெயில் அனுப்பலாம் என்று டிஎன்எஸ்ஸின் எஸ்பிஎஃப் பதிவில் சேர்த்தேன். இல்லையென்றால் அடுத்த போன் ஸ்பாம் பற்றி வந்திருக்கும். சோதனை மெயில் அனுப்பினேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "வந்துருச்சுங்ணா!" என்று குரல் வந்தது.

பழைய மெயில்களை மீட்பதில்தான் பொழுது போயிற்று. மேனேஜருடையவை முழுசாக இருந்தன, அப்படியே அனுப்பிவிட்டேன். அந்தப் பெண்ணுடையவை அப்படியில்லை. அசல் மெயில் 50,000 பைட்டுக்கு மேலே போனால், திருப்பும்போது போஸ்ட்ஃபிக்ஸ் தலைப்பு விவரங்களை மட்டும்தான் இணைக்கும். எங்கள் பில் பிடிஎஃப் எல்லாம் அதைவிடப் பெரிது. நல்லவேளையாக சப்ஜெக்ட் வரியில் பில் நம்பர் இருந்தது. நான் நம்பரை ஒவ்வொன்றாக வாசிக்க, அந்தப் பெண் பில்லை மறுபடி எடுத்துக்கொண்டே வந்தார். முடியும்போது இருட்டிவிட்டது.