பழைய சவரக் கத்திக்கு என்ன விலை?

பழைய பொருள் என்றால் விலை கூடும் என்பது பொதுவான எண்ணம். சுவீடன் நாட்டுச் சவரக் கத்தி விஷயத்தில் அது பாதிதான் உண்மை.

ஸ்டாக்ஹோமுக்கு மேற்கே சுமார் 100 கிலோமீட்டரில் இருக்கிறது எஸ்கில்ஸ்டூனா. 1650களில் ரைன்ஹோல்ட் ராடெமாகர் என்பவர் அமைத்த கொல்லுப்பட்டறைகளால் கத்திக்குப் பேர்போன ஊர் அது. அங்கே ஹெல்யெஸ்ட்ராண்ட், ஜான் எங்ஸ்ட்ரோம் முத்திரைகளுடன் வந்த மடக்குக் கத்திகளுக்குச் சேகரிப்பவர்களிடையே இன்றும் கிராக்கி.

அந்த மடக்குக் கத்திக்குப் போட்டியாக வந்தது அமெரிக்க ஜில்லெட் ரேசர். விலை 5 டாலர். 1903-இல் விற்றவை 51தான். மறு ஆண்டோ 90 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. தீட்ட வேண்டாத பிளேடு வந்ததும் கத்திகள் பெட்டிக்குள் முடங்கின. அவற்றைத்தான் இன்று தேடி வாங்குகிறார்கள்.

வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது மிச்சமிருக்கும் எஃகை. சாணை பிடித்துப் பிடித்து அகலம் தேய்ந்திருந்தால் விலை இறங்கும். முனையில் வெடிப்போ, விளிம்பில் துருக்குழியோ இருந்தால் சவரத்துக்கு உதவாது. முத்திரை தெளிவாக இருந்து, அசல் பெட்டியும் கூட இருந்தால் மதிப்பு ஏறும்.

தந்தப் பிடி என்றால் எச்சரிக்கை தேவை. 1990 முதல் யானைத் தந்தத்தின் பன்னாட்டு வியாபாரத்துக்குத் தடை உண்டு. உரிய அனுமதியின்றித் தருவித்தால் சுங்கத்தில் பறிமுதலாகலாம்.

இன்னொன்று: உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். துருவோடு முத்திரையும் போய்விடும். விலையும் கூடவே போகும். துணியால் துடைத்து, லேசாக எண்ணெய் பூசி வைத்தாலே போதும்.