இடுப்பளவும் இருதய நலமும்

தாமிரபரணிப் பாசனத்தில் காரும் பிசானமும் விளைவித்து, நாள் முழுதும் சேற்றில் நின்று உழைத்த தலைமுறைக்கு உடற்பருமன் என்பது செல்வர் வீட்டுச் செய்தி. இன்று நடவும் அறுவடையும் பெரும்பாலும் இயந்திரத்தின் கைக்குச் சென்றுவிட்டன. இலையிலிடும் சோற்றின் அளவோ குறையவில்லை. அல்வாவைப் பற்றித் திருநெல்வேலியில் இருந்துகொண்டு அதிகம் பேசாதிருப்பதே நலம்!

மெலிந்த கைகால்களுக்கு நடுவே வயிற்றில் மட்டும் கொழுப்புத் திரளுவது நம் நாட்டவரிடம் மிகுதி. உள்ளுறுப்புகளைச் சூழும் இக்கொழுப்பு இன்சுலினின் வேலையைத் தடுக்கிறது. ஈடுகட்ட மிகுதியாக உழைக்கும் கணையம் நாளடைவில் சோர்வுறுகிறது, சர்க்கரை ஏறுகிறது. இரத்த அழுத்தமும் கெட்ட கொழுப்பும் உடன் சேர்ந்து இருதயக் குழாய்களைக் கெடுக்கின்றன.

சென்னையில் மருத்துவர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு நாம் அறியத்தக்கது. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை அவர்கள் மூன்றாண்டுகள் கவனித்தனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றோருள் நூற்றுக்கு 55 பேர் நோயாளராயினர். உணவைத் திருத்தி, நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடக்குமாறு பழக்கப்பட்டோருள் 39 பேரே. எடை குறிப்பிடத்தக்க அளவு குறையாதபோதே இப்பயன் கிட்டியது! ஒரு மாதம் நடந்தும் எடைப்பொறியின் முள் அசையவில்லை என்று மனம் தளருவோர் இதைக் கருதுவார்களாக.

பருத்தவரைக் கண்டதும் போசனப்பிரியம் என்னும் தலையான பாவத்தை நினைவூட்டுவோர் நம் பங்குகளில் உண்டு. அது நியாயமன்று. பரம்பரை, உறக்கக் குறைவு, சில மருந்துகள் ஆகியனவும் உடலைப் பருக்கச் செய்யும். ஏளனத்திற்கு அஞ்சி மருத்துவரிடமே செல்லாதிருப்போர் பலர்.

இப்போது செமாகுளூடைடு என்னும் ஊசிமருந்தும் வந்துள்ளது. முன்பே இருதய நோயுற்ற, நீரிழிவில்லாத, பருத்த 17,604 பேரிடம் நடந்த பன்னாட்டுச் சோதனையில், மாரடைப்பு, பக்கவாதம், இருதய மரணம் ஆகியவை சேர்ந்து ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாக 2023இல் அறிவித்தனர். எனினும் நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. மருத்துவர் சொல்லாமல் கடையில் தாமே வாங்கிப் போடுவது பேதைமை.

வீட்டிலுள்ள தையல் நாடாவே தொடக்கத்திற்குப் போதும். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளிவிட்ட நிலையில் அளக்க வேண்டும். ஆடவர்க்கு 90 சென்டிமீட்டரும் பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டரும் எட்டியிருப்பின், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்துக்கொள்க.