கடல் கடந்த கல்வி

நீலகிரி மாவட்டத்தில் பந்தலூர் வட்டத்தைச் சேர்ந்த ஊர் தேவாலா. மழை மிகுந்த அவ்வூரைச் சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. 1964-ஆம் ஆண்டில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி தாயகம் திரும்பிய தமிழ்த் தொழிலாளர் பலர் இவ்வட்டாரத்தில் குடியேறினர். அவர்தம் முன்னோர் பிழைப்பை நாடிக் கடல் கடந்தவர். அக்கடலையே கல்வியை நாடிக் கடந்தோரும் உளர். அதனால் விளைந்த பயனை ஈண்டுக் காண்போம்.

இலங்கையிற் பிறந்த விபுலானந்த அடிகள், 1931-ஆம் ஆண்டில் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானார். பின்னர் 1943-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார். யாழ்ப்பாணப் பகுதியிற் பிறந்த தனிநாயகம் அடிகளோ, அண்ணாமலையில் மாணவராக இருந்து தமிழ் ஆய்ந்தார், இலங்கையில் ஆசிரியராயினார், 1961-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறைத் தலைமை ஏற்றார். அவர் முயற்சியால் 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடிற்று. ஒரு நாட்டிற் கற்ற கல்வி, மூன்று நாடுகளுக்குப் பயன்பட்டதன்றோ!

வளரும் நாடுகள் தம்முள் அறிவைப் பகிர்தல் ஏன் வேண்டும்? பருவமழையை நம்பிய உழவு, வெப்பநாட்டு நோய்கள், மலைச்சரிவில் மண்ணரிப்பு ஆகிய இடர்கள் அவற்றுட் பலவற்றுக்கும் பொதுவானவை. ஓரிடத்தில் கண்ட தீர்வு மற்றோரிடத்திற்கும் எளிதில் பொருந்தும். இக்கருத்துடன் இந்திய அரசு, 1964-இல் தொழில்நுட்ப, பொருளாதார ஒத்துழைப்புத் திட்டத்தைத் தொடங்கிற்று. ஆசிய, ஆப்பிரிக்க நாட்டினர் பலர் அதன்வழி இங்கு வந்து பயிற்சி பெறுகின்றனர். 1950-இல் நிறுவப்பெற்ற இந்தியப் பண்பாட்டு உறவுக் கழகம், அயல்நாட்டு மாணவர்க்கு உதவித்தொகை வழங்குகிறது.

எனினும் தடைகள் இல்லாமல் இல்லை. ஒரு நாட்டுப் பட்டத்தை மற்றொரு நாடு ஏற்காவிடின் மாணவரின் உழைப்பு வீணாகும். இக்குறையை நீக்கவே 2019-இல் யுனெஸ்கோ நிறுவனம் உயர்கல்வித் தகுதிகளை ஏற்பது பற்றிய உலக உடன்படிக்கையை நிறைவேற்றியது. மேலும், சென்றவர் கற்றதைத் தாய்நாட்டிற்கு அளியாவிடின், அனுப்பிய நாடு வறுமையே எய்தும். பகிர்வு இருபுறமும் நிகழ்தல் வேண்டும்.

மாணவர்களே! தேயிலை மலைச் சிறுவர் சிறுமியரும் நாளை பிறநாட்டுப் பல்கலைக்கழகங்களிற் பயிலலாம். முன்னோர் கூலி நாடிக் கடந்த கடலை, அவர்கள் கல்வி நாடிக் கடப்பார்களாக! கற்றதைத் தம் மலைக்கும் கொணர்வார்களாக!