84-னு முத்திரை போட்ட வெள்ளிக் கரண்டி: விலை எங்கே ஒளிஞ்சிருக்கு?

ஆன்லைன் ஏலத்தில் ரஷ்ய எனாமல் வெள்ளிப் பாத்திரங்களைப் பார்த்திருப்பீங்க. கலர் கலரா கரண்டி, டீ கிளாஸ் வைக்கிற பிடி, 'கோவ்ஷ்' என்கிற அகப்பை மாதிரி குடிகலம். பின்பக்கம் 84-னு குத்தியிருக்கும்.

அது 84 சதவீதம் இல்லை. ஜார் காலத்துக் கணக்கில் சுத்த வெள்ளி 96 சொலோத்னிக். அதில் 84 பங்குன்னா 87.5%. நாம் வாங்குற 925 வெள்ளியை விடக் குறைவு! தராசில் வைத்தால் எனாமல் கண்ணாடியின் எடையும் சேர்ந்துதான் வரும். அதனால் வெள்ளி ரேட்டை வைத்து இதை மதிப்பிடவே முடியாது.

காசு இருப்பது வேலைப்பாட்டில். முறுக்கிய மெல்லிய வெள்ளிக் கம்பியைப் பூவும் கொடியுமாக வளைத்துப் பாத்திரத்தில் பற்றவைப்பாங்க. கம்பிகளுக்கு நடுவே உள்ள குழியில் வண்ணக் கண்ணாடிப் பொடியை நிரப்பி உலையில் சுடுவாங்க. ஒரு தடவை இல்லை, பல தடவை. கடைசிச் சூட்டில் விரிசல் விட்டால் அத்தனை நாள் உழைப்பும் போச்சு.

அடுத்தது பெயர். மாஸ்கோவில் 1853-ல் பட்டறை தொடங்கிய பாவெல் ஓவ்சின்னிகோவ் பண்ணையடிமையாகப் பிறந்தவர். ஃபியோதர் ரூக்கெர்ட் ஃபாபெர்ஜே நிறுவனத்துக்கே செய்து கொடுத்தவர். இந்தப் பெயர்களுக்குக் கிராக்கி அதிகம் என்பதால்தான் போலி முத்திரையும் அதிகம்.

இந்தப் பெயருக்கும் உழைப்புக்கும் மதிப்பே இல்லாத காலமும் இருந்தது. புரட்சிக்குப் பிறகு எத்தனையோ வெள்ளிப் பொருட்கள் உருக்கப்பட்டன. 1937-38-ல் அமெரிக்கத் தூதரின் மனைவியாக மாஸ்கோவில் இருந்த மார்ஜரி மெரிவெதர் போஸ்ட், சோவியத் கிடங்குகளில் சில வெள்ளிக் கலங்களை எடைக்கு வாங்கினார். அவர் சேர்த்தவை இன்று வாஷிங்டன் ஹில்வுட் அருங்காட்சியகத்தில் இருக்கு. ஆடிட்டர் கண்ணுக்கு, விற்றவர் மெட்டலை மட்டும் புக் பண்ணிய கேஸ் இது.

அதைப் படிச்சுட்டு "நாமும் ஒண்ணு வாங்கிப் போடலாமா?"னு கேட்டால், கையில் எமர்ஜென்சி ஃபண்ட் இல்லாதவருக்கு என் பதில் 'வேண்டாம்'. அவசரத்துக்கு அடகுக் கடைக்குப் போனால் அங்கேயும் எடைதான் பேசும். ஏலத்தில் விற்றால் கமிஷன் போகும். கலைப்பொருளாக வைத்திருந்தால் லாபத்துக்கு கேப்பிடல் கெயின்ஸ் வரியும் உண்டு.

பிடிச்சுப்போய் வாங்குறீங்கன்னா, முத்திரையை விட முதலில் எனாமலைப் பாருங்க. சில்லு பெயர்ந்த இடத்தை மறுபடி உலையில் சுட்டால் பக்கத்து எனாமலும் வெடிக்கலாம். அதனால் பலர் ரெசின் பூசி கலர் அடிச்சுடுவாங்க. சாதாரண வெளிச்சத்தில் தெரியாது. யூவி டார்ச் அடித்தால் அந்த இடம் மட்டும் தனியா மின்னும்.