நொய்யற்கரை மணிகள்

பனியனுக்குப் பெயர்போன திருப்பூரைக் கடந்து நொய்யல் காவிரியை நாடிச் செல்லும் வழியிலுள்ள கொடுமணல், ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னர் ரத்தின வேலைப்பாட்டில் பிரசித்தி பெற்றிருந்ததைப் பதிற்றுப்பத்தும் 1985 முதல் நடந்த அகழாய்வுகளும் தெரிவிக்கின்றன. ரோமாபுரித் தட்டார்கள் பொற்கம்பியை வளைத்து, முனைகளைப் பாம்புத் தலைகளாக்கி, செதிள் கீறி மோதிரம் சமைத்த காலத்தில், இங்குள்ள கம்மியர், காங்கயத்தை அடுத்த படியூரில் விளைந்த கடல்வண்ணப் பெரில் கல்லை உடைத்துத் தேய்த்து, துளையிட்டு, மெருகேற்றினர். அரைகுறையாய் விடப்பட்டவையும் உடைந்தவையுமாகிய மணிகளும் கொடுமணலில் அகப்பட்டன; வேலை அங்கேயே நடந்ததற்கு அவையே எனக்கு முழுமணிகளினும் சுவாரஸ்யமான சாட்சியம். மங்கிய நிறம் ஒளிபெற இந்தியப் பெரிலை அறுகோணமாகப் பட்டை தீட்டுவார்கள் என்றார் ரோமானிய நூலாசிரியர் பிளினி. அக்கல்லோ பூமிக்குள்ளேயே அறுபட்டையாகத்தான் விளைகிறது! கொடுமணலின் ஈமக்குழியொன்றில் கிடைத்த வெண்கலப் புலியின் மேனியில் நீலக்கல்லும் சூதுபவளமும் இழைக்கப்பட்டிருப்பதைக் காணின், நாக மோதிரம் சமைத்தவனும் நம் கம்மியனைச் சகபாடியென்றே கொண்டாடியிருப்பான்.