பார்வையற்ற முஅத்தினும் நம் கடைகளும்

 



மஸ்ஜிதுந் நபவீயில் பாங்கு சொல்லும் பணியை நபி (ஸல்) அவர்கள் இரு தோழர்களிடம் ஒப்படைத்திருந்தார்கள். ஒருவர் பிலால் (ரலி) அவர்கள். மற்றவர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள். இரு கண்களிலும் பார்வையற்றவர்கள். நோன்புக் காலத்தில் பிலால் (ரலி) அவர்கள் இரவு மீதமிருக்கும்போதே பாங்கு சொல்வார்கள். உறங்குவோர் எழுந்து ஸஹர் உண்பதற்கான அழைப்பு அது. இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் பாங்கு கேட்கும்வரை உண்ணலாம், பருகலாம் என நபியவர்கள் அனுமதித்திருந்தார்கள். புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இச்செய்தி இடம்பெற்றுள்ளது.

பலமுறை கேட்ட ஹதீஸ்தான். எனினும் இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். அன்று கடிகாரம் இல்லை. கீழ்வானில் பரவும் வெண்மையைக் கண்ணால் கண்டே சுபுஹு நேரத்தை அறிய வேண்டும். அவ்வேலைக்குக் கண்தான் முதல் தகுதி என்று யாரும் சொல்லிவிடுவர். ஒரு நிமிடம் பிந்தினால் ஊராரின் நோன்புக்கே பங்கம். இரு முஅத்தின்களில் பார்வையுள்ளவரிடம் இதை விட்டுவிடுவதே எளிது. ஆயினும் ஊர் முழுவதும் உணவை நிறுத்தக் காத்திருந்த பாங்கு, பார்வையற்ற தோழரின் குரலில் ஒலித்தது.

அது எவ்வாறு இயன்றது என்பதையும் ஹதீஸே சொல்கிறது. விடிந்துவிட்டது என்று மக்கள் அவர்களிடம் அறிவிப்பார்கள். அதன் பின்னரே அவர்கள் பாங்கு சொல்வார்கள். அதாவது, அப்பணியில் அவர்களால் இயலாத ஒரு பகுதியைச் சுற்றியிருந்தோர் நிறைவு செய்தனர். குரலும் பொறுப்பும் அவர்களுடையவை. பார்வை மட்டும் பிறர் தந்தது. "இவருக்குக் கண் தெரியாதே" என்பதோடு பேச்சை முடித்துக்கொள்ளவில்லை மதீனா.

இவர்கள் பொருட்டே 'அபஸ' எனும் 80ஆவது அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் அருளப்பட்டன என்பதை நாம் அறிவோம். அதை மட்டும் சொல்லி, பார்வையற்றோரிடம் முகம் சுளிக்கக் கூடாது என்று உபதேசித்து முடித்துவிடுவது நம் வழக்கம். அதற்குப் பிந்திய வரலாறு அதைவிடப் பெரியது. நபியவர்கள் மதீனாவை விட்டு வெளியே சென்ற பல சந்தர்ப்பங்களில் இவர்களையே தமது பிரதிநிதியாக நியமித்து, மக்களுக்குத் தொழுகை நடத்தச் செய்தார்கள். தாபியீன்களில் அதாஉ இப்னு அபீரபாஹ் (ரஹ்) அவர்கள் கால் ஊனமுற்றவர்கள். பிற்காலத்தில் பார்வையையும் இழந்தவர்கள். மக்காவின் முஃப்தியாக விளங்கியவர்கள் அவர்களே.

இனி நம் கடைவீதிக்கு வருவோம்.

ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது, வாசலில் அமர்ந்திருக்கும் கால் இயலாதவரின் துண்டில் நம் வணிகப் பெருமக்கள் தாராளமாகவே போடுகிறார்கள். அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக! அதே மனிதர் திங்கட்கிழமை கடைக்கு வந்து வேலை கேட்டால் என்ன பதில் கிடைக்கிறது? 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 2 கோடியே 68 இலட்சம் பேர். சிறுவர், முதியோர் உட்பட அவர்களுள் உழைத்துப் பொருளீட்டுவோர் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியவர்கள் மட்டுமே. மற்றவர்களில் வேலை செய்யும் வயதும் ஆற்றலும் இருந்தும் வீட்டில் முடங்கியோர் எத்தனை பேர்!

"மூட்டை தூக்க முடியாதே", "வாடிக்கையாளருடன் பேச முடியாதே" என்கிறார்கள் முதலாளிகள். கல்லாவில் அமர்பவர் எந்த மூட்டையைத் தூக்குகிறார்? கால் இயலாதவர் கணினியில் பில் போடுவதற்கு எது தடை? பெரும்பாலும் கடை வாசலிலுள்ள மூன்று படிகளே தடை. அங்கே ஒரு சாய்தளம் கட்டினால் முதிய வாடிக்கையாளரும் சிரமமின்றி ஏறுவார். காது கேளாதவர் தையலிலும், தோல் வெட்டுவதிலும், சரக்கை எண்ணி அடுக்குவதிலும் யாருக்கும் குறைந்தவர் அல்லர். செய்ய வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் காட்டினால் போதும். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் வந்துவிட்ட காலத்தில் பார்வையற்றவர் கணினியில் கடிதம் எழுதுகிறார், தொலைபேசியில் ஆர்டர் எடுக்கிறார்.

உங்கள் பொறுப்பின் கீழ் உழைப்போர் உங்கள் சகோதரர்கள்; அவர்களால் இயலாததைச் சுமத்தாதீர்கள்; சுமத்தினால் நீங்களும் கைகொடுங்கள் எனும் கருத்தில் நபிமொழி உள்ளது (புகாரீ). 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், தகுந்த வசதி செய்து தருதல் என்று பேசுவதும் ஏறத்தாழ இதைத்தான். அச்சட்டம் அரசுப் பணிகளில் 4 சதவீத இடங்களை ஒதுக்கியது. தனியாரைப் பொறுத்தவரை, பணியாளர்களில் குறைந்தது 5 சதவீதம் பேர் மாற்றுத்திறனாளிகளாக இருக்கும் வகையில் அரசு ஊக்கச் சலுகை அளிக்க வேண்டும் என்றதோடு நின்றுகொண்டது. தனியார் கடைகளில் சட்டம் நின்ற இடத்திலிருந்து ஈமான் நடக்க வேண்டியிருக்கிறது.

இதில் ஒரு மார்க்கச் சட்டத்தைத் தெளிவுபடுத்துவது கடமை. இரக்கப்பட்டு வேலை கொடுத்ததாக எண்ணிப் பாதிச் சம்பளம் கொடுப்போர் சிலர் உண்டு. ஒரே வேலையை ஒரே அளவில் செய்பவருக்கு, உடற்குறையைக் காட்டிக் கூலியைக் குறைப்பது தர்மமன்று, அநீதியே ஆகும். வேறு சிலர் அந்தச் சம்பளத்தையே ஜகாத் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அது செல்லாது. கூலி என்பது உழைப்பின் விலை. ஜகாத்தோ எந்தப் பிரதிபலனும் பெறாமல் உரியவருக்கு உடைமையாக்க வேண்டியது. ஊனம் மட்டுமே ஒருவரை ஜகாத் பெறத் தகுதியுள்ளவராக்கிவிடாது. வசதியுள்ள மாற்றுத்திறனாளி ஜகாத் கொடுக்கக் கடமைப்பட்டவர்! ஆனால் தொழில் தெரிந்த ஏழைக்கு, அவர் பிழைத்துக்கொள்ளத் தேவையான கருவியை ஜகாத்திலிருந்து வாங்கிக் கொடுக்கலாம் என்பதை ஷாஃபிஈ மத்ஹபின் இமாம்கள் விரிவாகவே எழுதியுள்ளனர். தையல் இயந்திரமோ கணினியோ அவருக்கே சொந்தமாகிவிட வேண்டும். கடைச் சொத்தாக வைத்துக்கொண்டு அவரைப் பயன்படுத்தச் சொன்னால் ஜகாத் நிறைவேறாது.

முதலாளிகளைச் சொல்லும்போது ஜமாஅத்தை விட்டுவிட முடியாது. பள்ளிவாசல் அலுவலகம், மதரஸா, ஜமாஅத் நடத்தும் பள்ளிக்கூடம், திருமண மண்டபம் ஆகிய எல்லாவற்றிலும் சம்பளத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுள் மாற்றுத்திறனாளி எத்தனை பேர் என்று நிர்வாகிகள் எண்ணிப் பார்க்கட்டும். சந்தா எழுதும் மஹல்லா பதிவேட்டில், எந்த வீட்டில் வேலை தேடும் மாற்றுத்திறனாளி இருக்கிறார், அவருக்கு என்ன தொழில் தெரியும் என்று இரண்டு பத்தி சேர்த்து எழுதினால், ஆள் தேவைப்படும் கடைக்காரர் அதைப் பார்த்துக் கேட்டு வர வழி பிறக்கும். பெண் பிள்ளைகளின் பெயரும் அதில் இடம்பெறட்டும். வீட்டார் கூச்சத்தால் மறைத்துவிடுவது அவர்களைத்தான்.

மஹல்லாவில் முதன்முதலாக அப்படி ஒருவரைத் தேடி வந்து வேலைக்கு அழைத்துச் செல்லும் முதலாளியின் வியாபாரத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.